குனிந்த தலைகளின் கழகம்

துப்பறியும் பாதிரியார் லம்லி எங்கள் ஓல்டன் நகரத்தில் பிறந்தவர் அல்ல. எந்த ஊரிலுமே பிறந்தவர் அல்ல, கதையில் வருகிறவர். இருந்தாலும் ஒரு கதையில் அவர் மழைக்கு ஒதுங்கிய பேருந்து நிழற்குடை எங்களுடையதுதான் என்று ஊர் நம்புகிறது. அதில் ஒரு பித்தளைப் பலகை பதித்திருக்கிறார்கள். மழை பெய்யும்போது இப்போது யாரும் அதற்குள் நிற்கக் கூடாது. மூச்சுக் காற்று பட்டால் பலகை கறுத்துவிடுமாம்.

லம்லி நெட்டையான, கூச்ச சுபாவமுள்ள கிராமத்துப் பாதிரியார். கொலைகாரனைக் கண்டுபிடிப்பார், அவனை உட்காரவைத்து மன்னிப்பார், அதற்குப் பிறகுதான் போலீசுக்குச் சொல்லி அனுப்புவார். கதைகள் வந்து நூறு வருடம் ஆகிறது. அவற்றை நாடகமாக்கினார்கள், வானொலியில் போட்டார்கள், தொலைக்காட்சித் தொடராக்கினார்கள், படக்கதையும் கைப்பேசி விளையாட்டும் செய்தார்கள். இவர்கள் கையிலிருந்து லம்லியைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டதுதான் லம்லி வாசகர் கழகம். எல்லாரையும் மன்னிக்கிற ஒரு பாதிரியாருக்காக, யாரையும் மன்னிக்காத ஒரு கழகம்.

கழகத்துக்கு அதிகாரம் வந்த கதை எளிது. மூல ஆசிரியரின் பேரர் மிஸ்டர் ஜோஸ்லின் போர்ச்சுகலில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கிறார். லம்லியைப் பற்றி யாராவது அவரிடம் தொலைபேசியில் பேசினால் ஆரஞ்சு கெட்டுப்போகிறது என்பது அவர் எண்ணம். ஆகவே, "கழகம் சரின்னு சொன்னா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து, கழகம் விமர்சனம் செய்து ஒப்புதல் முத்திரை கொடுக்காமல் லம்லி எந்த மேடையிலும் ஏறக் கூடாது, எந்தப் பெட்டியிலும் பேசக் கூடாது.

டென்னிஸ் பக்கிள் அப்படிப் பெட்டியில் பேசியவர். இருபது வருடத்துக்கும் மேலாக வானொலியில் லம்லியின் குரல் அவருடையதுதான். கடைக்குப் போனால் முகத்தை யாருக்கும் தெரியாது; "ஒரு பாக்கெட் வெண்ணெய்" என்று வாய் திறந்ததும் வரிசையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம் இருந்தது. லம்லியின் கடைசிக் கதையில், கிழவராகிவிட்ட பாதிரியார் குற்றவாளியின் பெயரைச் சொல்லப்போகும் நேரத்தில் அந்தப் பெயரை மறந்துவிடுகிறார். பாதி கதை முழுக்க அந்தப் பெயரைத் தேடுகிறார். இளம் குரலால் செய்ய முடியாத வேலை. குரலில் அந்த வயது ஏறட்டும் என்று டென்னிஸ் பொறுமையாகக் காத்திருந்தார். வயது வந்தது. அந்த வருடமே வேலை போனது.

வானொலித் தயாரிப்பாளர் ரோஸ்லின் அவரை அலுவலக உணவகத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

"டென்னிஸ், எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. கழகம் முத்திரை குடுக்க மாட்டேங்குது."

"எதுக்காம்?"

"இருமலுக்கு."

"எந்த இருமல்?"

"குற்றவாளி பேரைச் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு இருமல் இருமுவீங்களே, அது."

"அதுக்குத்தானேம்மா ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. லாரிக்காரங்க வண்டியை ஓரங்கட்டிட்டுக் கேக்கறாங்கன்னு நீதானே சொன்னே."

"சொன்னேன். புத்தகத்துல இருமல் இல்லையாம். இத்தனை வருஷம் கண்டிச்சுட்டு விட்டாங்க, இனிமே விட மாட்டாங்களாம். உங்களை மாத்தினா கடைசிக் கதைக்கு அனுமதி தர்றோம்னு சொல்லிட்டாங்க."

"யாரைப் போடறீங்க?"

ரோஸ்லின் தன் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டிவியில வர்ற ஒரு பையன். சின்ன வயசுதான். பல்லெல்லாம் ரொம்ப அழகா இருக்கும்."

"ரேடியோவுக்கா?"

ரோஸ்லின் சாண்ட்விச்சைக் கடித்தார்.

டென்னிஸ் மேல்முறையீடு செய்யப் போனார். கழகத் தலைவர் டாக்டர் ரூபர்ட் ஹெஸ்கெத் எதில் டாக்டர் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்கிற தைரியத்தை அவருடைய புருவங்கள் யாருக்கும் கொடுத்ததில்லை. அவர் டென்னிஸை நிற்கவைத்தே பேசினார்.

"மிஸ்டர் பக்கிள், உங்க நடிப்பு மேல எனக்கு எந்த விரோதமும் கிடையாது. நான் அதைக் கேட்டதே இல்லை."

"கேக்காம எப்படி சார் விமர்சனம் எழுதினீங்க?"

"கேட்டா எப்படி எழுத முடியும்? ஒருவேளை பிடிச்சுப் போச்சுன்னா என்ன பண்றது?" தலைவர் இதைக் கோபமில்லாமல், சின்னக் குழந்தைக்கு விளக்குகிற குரலில் சொன்னார். "நாடகமோ சினிமாவோ, ஒரு தழுவலை ரசிக்கிறவன் அதுக்கு அடிமை. நாங்க ரசிக்கிறதில்லை. ஒப்புநோக்கறோம். நாப்பது வருஷமா நான் ஒரு திரையையும் ஏறெடுத்துப் பார்த்தது கிடையாது. இந்த நாட்டுல அப்படிச் சொல்லிக்கிற தகுதி இன்னொரு விமர்சகனுக்கு இருந்தா காட்டுங்க."

டென்னிஸால் காட்ட முடியவில்லை.

"வேணும்னா சனிக்கிழமை வாங்க. பிழை செஞ்சவங்க உக்கார ஒரு பெஞ்சு போட்டிருக்கோம். பாத்துத் திருந்துங்க."

டென்னிஸ் போனார். ஒரு சனிக்கிழமை அல்ல, அந்த வசந்தகாலம் முழுக்கப் போனார். திருந்துவதற்காக அல்ல, தான் எப்படிக் கொல்லப்பட்டோம் என்று தெரிந்துகொள்ள.

ஒப்புநோக்கு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் நடக்கும். நீண்ட மேசையின் ஒரு பக்கத்தில் உறுப்பினர்கள் வரிசையாக உட்காருவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூலநூல், ஒரு சிறிய கைமணி, செயலாளர் மிஸ் தோர்ப் சுட்ட எலுமிச்சைக் கேக் ஒரு துண்டு. கேக்கை ஒப்புநோக்கு முடிந்த பிறகுதான் தொட வேண்டும். எதிரே திரை. தலைவர் எழுந்து, "தலை குனிவோம்" என்பார். எல்லாத் தலைகளும் புத்தகத்தின்மேல் கவியும். விளக்கு அணையாது, வாசிக்க வேண்டுமே. திரையில் படம் ஓடும். யாரும் பார்க்க மாட்டார்கள். பார்ப்பது அலைபாய்தல் என்ற குற்றம். காதில் விழும் சொல் புத்தகத்தில் இல்லையென்றால் மணியை அடிக்க வேண்டும். கடைசியில் தலைவர் "நிமிர்வோம்" என்பார். எத்தனை மணி அடித்தது என்பதுதான் விமர்சனம்.

தொலைக்காட்சித் தொடரை இப்படித்தான் விமர்சித்தார்கள். அதில் லம்லி மோட்டார் சைக்கிளில் வருவார். உறுப்பினர்களுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி ஆட்சேபம் இல்லை, அவர்கள் அதைப் பார்க்கவில்லை. 'காலை வணக்கம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'வணக்கம்' என்று வந்ததற்கு மணி அடித்தார்கள். படக்கதை வந்தபோது படங்களின்மேல் பழுப்புத்தாளை ஒட்டிவிட்டு, பேச்சுக் கட்டங்களை மட்டும் மிஸ் தோர்ப் உரக்க வாசித்தார்.

"டமார்," என்று வாசித்தார் மிஸ் தோர்ப்.

எல்லா மணியும் அடித்தது. மூல ஆசிரியர் டமார் என்று எங்கும் எழுதவில்லை.

கைப்பேசி விளையாட்டைப் பொருளாளர் விளையாடினார். அவருக்கு விளையாடத் தெரியாது. பாதிரியார் கல்லறைக் குழிக்குள் விழுந்துகொண்டே இருந்தார், விழும்போதெல்லாம் கைப்பேசி "மீண்டும் முயல்க" என்றது, சொல்லும்போதெல்லாம் மணி. அன்று தேவாலயத்துக் கூடத்தில் கல்யாணம் என்று நினைத்து இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

பிறகு பனிச்சறுக்கு நடனம் வந்தது. ஏதோ கடற்கரை ஊர்க் குழு, லம்லி கதை ஒன்றைப் பனிமேல் ஆடிப் பதிவுசெய்து அனுப்பியிருந்தது. பிழை பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குப் புத்தகம் தருவதில்லை. ஆகவே அந்தக் கூடத்திலேயே திரையைப் பார்த்த ஒரே மனிதர் டென்னிஸ்தான். பளபளவென்று ஜரிகை வைத்த அங்கி தொடையோடு முடிய, பாதிரியார் பிணத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வழுக்கி வந்தார். பிணம் எழுந்து அவரோடு கைகோத்து ஆடியது. பிஷப் ஒரு வளையத்துக்குள்ளிருந்து குதித்தார். முடிவில் எல்லாரும் சேர்ந்து செத்தவனை முத்தமிட்டார்கள்.

ஒரு மணிகூட அடிக்கவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே.

"நிமிர்வோம்," என்றார் தலைவர். அவர் கண் கலங்கியிருந்தது. "நூறு வருஷத்துல இவ்வளவு அடக்கமான ஒரு தழுவல் வந்ததில்லை. மூலத்தை எந்த இடத்துலயும் மீறலை."

முத்திரை கொடுத்தார்கள். அதோடு அன்று தலைவருக்கு இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தவர்களின் தட்டில் கேக் இல்லை. இது எப்போதும் நடப்பதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால், கேக்கைத் திருடினார் என்று, ஓய்வுபெற்ற பல் மருத்துவர் பார்ட்டிலைக் கழகத்திலிருந்து நீக்கியிருந்தார்கள். அவர் நீக்கப்பட்ட பிறகும் கேக் காணாமல் போய்க்கொண்டிருந்தது. பார்ட்டில் பழிவாங்க வந்து போகிறார் என்று தலைவர் முடிவு செய்திருந்தார்.

டென்னிஸின் கண்ணுக்குப் பிழை பெஞ்சிலிருந்து தலைவரின் முதுகு மட்டும்தான் தெரியும். ஆகவே அவர் வெறும் குழப்பத்தோடுதான் வீட்டுக்குத் திரும்பினார். அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைத்தவர் அடுத்த வீட்டு கிளெனிஸ்.

கிளெனிஸ் கல்யாண வீடியோ எடுக்கிறவர். லம்லி கதைகளின் நூற்றாண்டு வருகிறது அல்லவா, தங்கள் கண்டிப்பான முறை வருங்காலத்துக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு ஒப்புநோக்கைப் படமெடுக்க அவரை அமர்த்தியிருந்தார்கள். படத்தை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எல்லாரும் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். பிழைக்கு மாதிரியாக அன்று ஓடவிட்டது டென்னிஸின் பழைய வானொலி நாடகத்தை.

"உள்ள வா கண்ணு," என்று கிளெனிஸ் அவரைச் சமையலறைக்கு இழுத்துப்போனார். அவருக்கு மேயரும் கண்ணுதான், தபால்காரரும் கண்ணுதான். "என் ஜென்மத்துல இவ்வளவு சுலபமா யாரையும் எடுத்ததில்லை. மேசைக்கு மேல ஏறிக்கூட நின்னேன். ஒருத்தரும் நிமிரலை."

கணினியில் படம் ஓடியது. பொருளாளர் மூலநூலுக்குள் குறுக்கெழுத்துப் புதிரை வைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மிஸ் தோர்ப் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, புத்தகத்துக்குள் கைப்பேசியை வைத்து, கழகம் தடைசெய்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் வரும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வாங்கியது. தலைவரின் புத்தகம் தலைகீழாக இருந்தது. அதற்கு மேலே அவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கம் தெளிகிற சமயங்களில் அவருடைய கை, அவரைக் கேட்காமலேயே போவதுபோல், பக்கத்துத் தட்டுக்கு ஊர்ந்து போய் ஒரு துண்டு கேக்கோடு திரும்பி வந்தது. பிறகு இன்னொரு பக்கம்.

"அட, பார்ட்டில் பாவம்," என்றார் கிளெனிஸ். "இரு, இனிமேதான் உன் இடம் வருது."

கணினியில் டென்னிஸின் குரல் குற்றவாளியை நெருங்கியது. ஒரு நிசப்தம். பிறகு இருமல்.

தலைவர் தூக்கிவாரிப்போட்டு விழித்தார். கையிலிருந்த மணி மேசையில் விழுந்து அடித்தது. அதைக் கேட்டதும், தாங்கள் எதையோ கவனிக்கத் தவறிவிட்டோம் என்ற பயத்தில், மற்ற எல்லாரும் பரபரவென்று அடித்தார்கள். அடித்து முடித்துவிட்டு, எதற்கு அடித்தோம் என்று புத்தகத்தில் தேடினார்கள். கடைசியில் மிஸ் தோர்ப்தான் கண்டுபிடித்தார்: "இருமல் இல்லை. இந்தப் பக்கத்துல இருமல் இல்லை."

டென்னிஸ் அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார்.

"டீ ஆறுது கண்ணு."

"என் இருமல் அந்த ஆளை எழுப்பியிருக்கு," என்றார் டென்னிஸ். "அவ்வளவுதான் நான் செஞ்ச பிழை. இருபது வருஷமா நான் மட்டும்தான் அவரை எழுப்பியிருக்கேன்."

"பேப்பர்ல போடலாமா?"

"வேணாம். பேப்பர்ல போட்டா, திரிச்சுட்டாங்கன்னு சொல்லுவார். எனக்கு அவர் வாயால சரின்னு வரணும். அவர் கையால முத்திரை விழணும்."

"ரொம்ப ஆசைப்படறே."

"'பிரார்த்தனை வேளை'ன்னு லம்லி கதை ஒண்ணு இருக்கு, படிச்சிருக்கியா?"

கிளெனிஸ் படித்ததில்லை. டென்னிஸ் சொன்னார். ஒரு கிராமத்துத் தேவாலயத்தில், எல்லாரும் தலைகுனிந்து ஜெபிக்கிற நேரத்தில் காணிக்கைத் தட்டு குறைந்துகொண்டே வருகிறது. ஓர் ஏழைப் பையன்மேல் பழி விழுகிறது. திருடுகிறவர், ஊரிலேயே அதிகப் பக்தி உள்ளவர் என்று பெயரெடுத்த பண்ணையார். லம்லி அதைக் கண்டுபிடிக்கிற விதம் ரொம்ப எளிது: ஜெபத்தின் நடுவில் தலையை நிமிர்த்திப் பார்த்துவிடுகிறார்.

கிளெனிஸ் தன் டீயைக் கீழே வைத்தார். "கல்யாணத்துல அழற மாமியாருங்களை எடுத்து எடுத்து எனக்கும் அலுத்துப்போச்சு," என்றார். "எப்ப ஆரம்பிக்கலாம்?"

டென்னிஸ் துணி அலமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்தக் கதையை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை வாசித்தார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இருமல் வந்தபோதெல்லாம் விழுங்கினார். கிளெனிஸ் அந்தக் குரலுக்குக் கீழே தன் படத்தை வெட்டி ஒட்டினார். 'பிரார்த்தனை வேளை', கிளெனிஸ் கல்யாண வீடியோ தயாரிப்பு என்று கழகத்துக்கு அனுப்பினார்கள்.

ஒப்புநோக்கில் படம் போட கிளெனிஸ் போயிருந்தார். திரையில் அவர்கள், திரைக்கு முன்னால் அவர்கள். திரையில் பொருளாளர் பென்சிலைக் கடித்தபோது மேசையிலும் பொருளாளர் பென்சிலைக் கடித்தார். யாரும் எதையும் பார்க்கவில்லை. யார் குரல் என்று யாரும் கேட்கவில்லை. கழகம் வார்த்தையைத்தான் கவனிக்கும், குரலை அல்ல. எழுப்புவதற்கு ஒன்றும் இல்லாததால் தலைவர் ஆரம்பம் முதல் முடிவுவரை தூங்கினார்.

"நிமிர்வோம்," என்று மிஸ் தோர்ப் அவர் காதில் சொன்னார்.

"நிமிர்வோம்," என்றார் தலைவர். "எத்தனை மணி?"

"ஒண்ணுமே இல்லை, டாக்டர்."

பேச்சு உள்ள ஒரு தழுவல் மணியே அடிக்காமல் முடிந்தது கழக வரலாற்றில் அதுதான் முதல் தடவை. நூற்றாண்டு விருந்தில் அதை எல்லாருக்கும் காட்டுவது என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று.

விருந்து நகர மன்றத்தில் நடந்தது. போர்ச்சுகலிலிருந்து மிஸ்டர் ஜோஸ்லின் வெயிலில் சிவந்த மூக்கோடு வந்திருந்தார். ரோஸ்லின் வந்திருந்தார், அழகான பல்லுள்ள பையனையும் கூட்டிக்கொண்டு. மேயர், நிஜப் பாதிரியார், கடைக்காரர்கள், ஊரில் கோட்டு வைத்திருந்த எல்லாரும் வந்திருந்தார்கள். கிளெனிஸ் தன்னோடு பல் மருத்துவர் பார்ட்டிலை அழைத்துவந்தார். ஆட்டுக்கறியும் புதினாச் சட்னியும் ஆன பிறகு தலைவர் எழுந்தார்.

"பெரியோர்களே. மற்ற ஊர்கள்ல விமர்சகன்னா யாரு? பாக்கறான், பாத்ததைச் சொல்றான். அதுக்கு நாய் போதும்." கழக உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். "நாங்க பாக்கறதில்லை. எங்களுக்கு என்ன காட்டினாலும் எங்க கருத்து மாறாது. அதுதான் எங்க நேர்மை. இன்னிக்கு நீங்க பாக்கப்போறது கழகத்தோட மனசாட்சி. இதுல வர்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் நான் பொறுப்பு. இதுல இருக்கிறதுதான் நாங்க. தலை குனிவோம்."

மேடைமேல், நீண்ட மேசைக்குப் பின்னால், பன்னிரண்டு உறுப்பினர்களும் மூலநூலைத் திறந்து குனிந்தார்கள். விருந்தினர்களுக்குப் புத்தகம் கொடுக்கவில்லை. ஆகவே அவர்கள் திரையைப் பார்த்தார்கள்.

"அந்தத் தேவாலயத்தில் உண்மையான விசுவாசிகள் புனிதப் பக்கத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதேயில்லை," என்று டென்னிஸின் குரல் தொடங்கியது. திரையில் பொருளாளர் குறுக்கெழுத்துக்கு ஒரு சொல் கிடைக்காமல் காதைச் சொறிந்தார்.

முதலில் யாரோ ஒருவர்தான் சிரித்தார், அதையும் இருமல்போல் மாற்றிக்கொண்டார். "கன்னிப்பெண்கள் வானத்துக் காதலனை நினைத்து உருகினார்கள்" என்று குரல் சொன்னது. மிஸ் தோர்ப் கைப்பேசிமேல் குனிந்து மோட்டார் சைக்கிளை விரலால் பெரிதாக்கினார். இப்போது மூன்று மேசைகள் சிரித்தன. மேடையில் மிஸ் தோர்ப் புத்தகத்தைப் பார்த்து முகம் சுளித்தார். அந்த வரியில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை.

"பண்ணையாரின் கை," என்றது குரல், "ஜெபத்தைத் தவிர வேறெதிலும் யாரும் பார்த்திராத கை." திரை முழுக்கத் தலைவரின் கை. அது மேசைவிரிப்பின்மேல் நண்டுபோல் நகர்ந்தது. நின்றது. மறுபடி நகர்ந்தது. கேக்கை அடைந்தது.

பார்ட்டில் எழுந்து நின்றுவிட்டார். இரண்டு வருடம் ஊர் அவரைக் கேக் திருடன் என்று சொல்லியிருந்தது. அவருடைய பேத்தியின் பிறந்தநாள் விழாவிலேயே அவருக்கு எதிரே இருந்த தட்டை நகர்த்திவைத்திருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நாப்கினைக் கையில் முறுக்கிக்கொண்டு, கடைசிவரை நின்றபடியே பார்த்தார்.

அந்த நேரத்தில் மேடையிலிருந்து ஒரு குறட்டை கேட்டது. எல்லாரும் திரையிலிருந்து மேடைக்குப் பார்வையை இறக்கினார்கள். திரையில் தலைவர் தூங்கினார். திரைக்குக் கீழே தலைவர் தூங்கினார். ஆட்டுக்கறி கனமான சாப்பாடு. மேயர் மேசைவிரிப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிஸ்டர் ஜோஸ்லினின் சிவந்த மூக்கு ஊதாவாகியிருந்தது. ஊரே சிரித்துக்கொண்டிருந்தது, அந்தச் சிரிப்புக்குள்ளே பன்னிரண்டு தலைகள், ஒரு மணியும் அடிக்காமல், நிமிராமல், தங்கள் மானம் போவதை வரிக்கு வரி சரிபார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியில் கைதட்டல் தலைவரை எழுப்பியது. "நிமிர்வோம்," என்றார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டுவதைக் கண்டு இரண்டு பக்கமும் வணங்கினார்.

மிஸ்டர் ஜோஸ்லின் மேடைக்கு வந்தார். சிரிப்பை அடக்க மூக்கைச் சிந்திக்கொண்டார். பிறகு, "டாக்டர், ஒண்ணு கேக்கணும். இது உண்மையானதா?" என்றார்.

"ஒரு எழுத்து பிசகலை, சார். முத்திரை குத்தியாச்சு. குத்தின முத்திரையைக் கழகம் திரும்ப வாங்கறதே கிடையாது, அது எங்க விதி."

"ரொம்ப நல்ல விதி. அப்ப இந்தப் படத்தை எல்லா இடத்துலயும் காட்டலாமா?"

"காட்டியே ஆகணும்."

"கேட்டீங்களா?" என்று ஜோஸ்லின் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் கேட்டது என்று சொன்னது. "அந்தக் குரல் யாரோடது? அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. கடைசிக் கதைக்கு அந்தக் குரலையே போடலாமே. கழகத்துக்கு ஆட்சேபம் உண்டா?"

"இந்தக் குரலா? பிழையே இல்லாத குரல். கழகம் முழு மனசோட வழிமொழியுது," என்றார் தலைவர்.

பின்வரிசையில் டென்னிஸ் பக்கிள் எழுந்து நின்றார்.

தலைவரின் புருவங்கள் ஒரு தடவை ஏறி இறங்கின. வாய் திறந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். மேயர் ஏற்கெனவே மறுபடி கைதட்ட ஆரம்பித்திருந்தார். ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவன் பல் தெரியச் சிரித்தான். அவனுக்கு வேறு வேலைகள் கிடைக்கும்.

அந்த வாரத்திலேயே படம் ஊர் முழுக்கக் கைப்பேசிகளில் ஓடியது. கழக உறுப்பினர்களும் ஒவ்வொருவராகத் திரைச்சீலையை இழுத்துவிட்டு வீட்டுக்குள் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களால் அதைப் பற்றி வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால், எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். திரையைப் பார்த்தவர் கழகத்தில் இருக்க முடியாது. ஆகவே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தும், சனிக்கிழமைதோறும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் தெரியாததுபோல் குனிந்தார்கள். பொருளாளர் மட்டும் முதுகுவலி என்று சொல்லி விலகிக்கொண்டார். இந்தப் பன்னிரண்டு பேரில் படத்தில் என்ன இருக்கிறது என்று நிஜமாகவே தெரியாதவர் தலைவர் ஒருவர்தான்.

கறிக்கடைக்காரர் அவரைப் பார்த்துச் சிரித்தார். தபால்காரர் சிரித்தார். பேருந்தில் அவர் ஏறினால், எதிரில் இருப்பவர்கள் மடியில் இருந்த தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் மூடிக்கொண்டார்கள். பார்ட்டில் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். எதுவும் அவருக்குப் புரியவில்லை.

டென்னிஸ் கடைசிக் கதையைப் பதிவுசெய்து முடித்துவிட்டு வந்த அன்று மாலை, டாக்டர் ஹெஸ்கெத் அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார்.

"மிஸ்டர் பக்கிள். உங்க படத்துல என்ன இருக்கு?"

"புத்தகத்துல இருக்கிறதுதான் சார். நீங்கதானே சரிபார்த்தீங்க."

"அது தெரியும். வார்த்தையைக் கேக்கலை." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜனங்க எங்கே சிரிச்சாங்கன்னு மிஸ் தோர்ப் குறிச்சுக் குடுத்தாங்க. அந்த இடங்களைப் படிச்சுப் பாத்தேன். அங்க நகைச்சுவையே கிடையாது."

"ஆமா சார். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு."

"அப்ப ஏன் சிரிச்சாங்க?"

கிழவரின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இப்போதெல்லாம் அவருக்குத் தூக்கம் வருவதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அழுதுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். லம்லியாக இருந்தால் சொல்லியிருப்பார். உட்காரவைத்து மன்னித்தும் இருப்பார். டென்னிஸ் இருபது வருடம் லம்லியாக இருந்தவர். ஆனால் அது சம்பளத்துக்குச் செய்த வேலை.

"உள்ள வாங்க சார்," என்றார் அன்பாக. கதவை அகலத் திறந்தார். கூடத்தில் தொலைக்காட்சி தெரிந்தது. "இப்பவே போடறேன். நாற்காலி இருக்கு. கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்தீங்கன்னா போதும்."

டாக்டர் ஹெஸ்கெத் வாசற்படியில் ஒரு காலை வைத்தார். தொலைக்காட்சி இருந்த திசையில் அவருடைய முகவாய் கொஞ்சம் உயர்ந்தது. உயர்ந்து, நின்றது.

"நாப்பது வருஷம், மிஸ்டர் பக்கிள்," என்றார்.

"தெரியும் சார்."

காலை எடுத்துக்கொண்டு அவர் திரும்பி நடந்தார். சாலையின் மறுபுறம் இரண்டு பெண்கள் அவரைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்; அவர் தரையைப் பார்த்தபடி அவர்களைத் தாண்டிப் போனார். டென்னிஸ் கதவை மூடவில்லை. அவர் திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்தார். பின்னாலிருந்து பார்க்கும்போது அந்த முதுகு ரொம்பப் பரிதாபமாக இருந்தது. டென்னிஸ் அதைக் கண்ணெடுக்காமல், முழுக்க முழுக்க ரசித்தார்.